வெள்ளைக் கோப்பையில் கடைசித் தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்த இரசாயனவியலாளர், பெயர் ரிஸ்வானா. எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வருகிற குரல். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"மிஸ், கழுவுறதுக்கு இப்ப மெஷின் வந்திட்டுது. தண்ணி சுத்தமா இல்லையா எண்டு அதுவே சொல்லுது. பிறகும் ஏன் கடைசியில வெள்ளைக் கோப்பையில ஊத்திக் கண்ணால பாக்கவேணும் எண்டு செய்முறையில கிடக்கு? ஆர் இதைப் போட்டது?"

"நான்தான் போட்டனான்."

"ஏன் மிஸ்?" என்றாள், கொஞ்சம் இறங்கி.

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரர் இந்தக் கதையைப் பல முறை கேட்டுவிட்டதால், தொடங்கினாலே வானொலியைப் போட்டுவிடுகிறார். எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை.

எங்கள் கூடம் திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில், சீனன்குடாவுக்குப் போகிற வழியில் இருக்கிறது. அங்கே நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையல் காஸில் புரொப்பேன் என்றொரு வாயு இருக்கிறது. எரிப்பதைத் தவிர அதை வைத்து வேறு பெரிதாக ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் அதன் உடம்பிலிருந்து இரண்டே இரண்டு ஐதரசன் அணுக்களைக் கழற்றிவிட்டால் அது புரொப்பீன் ஆகிவிடும். புரொப்பீன் கையில் கிடைத்தால் பிளாஸ்டிக் கதிரை வார்க்கலாம், மீன்பெட்டி செய்யலாம், வள்ளம் கட்டக் கயிறு திரிக்கலாம்.

கழற்றுகிற வேலையைச் செய்வது ஊக்கி. எங்கள் ஊக்கி கோபால்ட் என்ற உலோகம். சிலிக்கா என்ற வெள்ளைத் தூளின்மேல் அதை ஒட்டவைப்போம். நுட்பம் இதில்தான். ஒவ்வொரு கோபால்ட் அணுவும் மற்றதைத் தொடாமல், சிலிக்காவில் தனக்கென்று ஓரிடம் பிடித்துத் தனியாக இருக்கவேண்டும். தனியாக இருக்கிற அணு இரண்டு ஐதரசனைக் கழற்றி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அணுக்கள் கும்பல் சேர்ந்தால் இருக்கிற ஐதரசன் முழுவதையும் பிடுங்கி, காபனையும் முறித்து, கடைசியில் கரியைத்தான் தரும். எங்கள் தலைவர் இதை வேறுவிதமாகச் சொல்வார். "மாங்கா ஆய மரத்துக்கு ஒராள ஏத்துங்க. பத்துப் பேர ஏத்தினா மாங்காயும் இல்ல, கொப்பும் இல்ல."

இதில் ஒரு வசதி உண்டு. உலையிலிருந்து எடுக்கும்போது தூளின் நிறமே விசயத்தைச் சொல்லிவிடும். அணுக்கள் தனித்தனியாக இருந்தால் நீலம், கும்பல் சேர்ந்திருந்தால் கறுப்பு. நீலம் வந்தால் பிழைத்தோம், கறுப்பு வந்தால் கெட்டோம். என் உத்தியோக காலத்தின் நல்லது கெட்டதெல்லாம் இந்த இரண்டு நிறத்துக்குள் அடங்கிப்போயிற்று.

நான் திருகோணமலை ரவுனில் பிறந்தவள். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டு முதலில் ஓர் ஆலையில் தண்ணீர் சோதித்தேன், பிறகு இன்னோரிடத்தில் எண்ணெய் சோதித்தேன். வெளிநாட்டில் சில மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். படித்ததில் பாதி அந்த நாட்டுக் குளிரில் மறந்துபோயிற்று. மற்றப் பாதியோடு இந்தக் கூடத்தில் ஊக்கி தயாரிக்கும் பகுதிக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தேன்.

தலைவர் டொக்டர் ரஹீம். மூதூர்க்காரர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், இந்த ஊக்கியைச் சொந்த ஊரில் செய்து காட்டவேண்டும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். அவருக்கு விசர் என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்தார்கள், இங்கேயும் இருந்தார்கள். மெலிந்த உயரமான மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஆனால் வேலை நடக்கிற இடத்தில் கதிரையில் உட்காரவும் மாட்டார். தேத்தண்ணீர் நின்றபடி, கூட்டம் நின்றபடி, வெளிநாட்டுக்காரரோடு கணினியில் கதைப்பதும் நின்றபடிதான்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ டொக்டர்" என்றேன்.

"சரக்கு உலையில நிக்கிது புள்ள. நான் எப்பிடி இரிக்கிற?" என்றார்.

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. ஏதாவது பிழைத்துப்போனால் யாரும் "நான் நினைக்கிறன்" என்று வாய் திறக்கக்கூடாது. நினைப்பை விட்டுவிட்டு, கண்டதைச் சொல்லவேண்டும். எனக்கு அது பெரிய தண்டனை. எதைப் பார்த்தாலும் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுகிற ஆள் நான்.

சின்ன அளவில் ஊக்கி செய்வதில் நாங்கள் வெகு சீக்கிரம் கெட்டிக்காரர் ஆகிவிட்டோம். ஒரு கை அளவு தூள், எப்போது செய்தாலும் நீலம். மெல்லிய குழாயில் நிரப்பிப் புரொப்பேனை விட்டால் மறுபக்கம் புரொப்பீன் வந்தது. எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நாட்டில் டொலர் இல்லாமல் போயிற்று. காஸை வைத்து ஆராய்ச்சி செய்த நாங்களே வீட்டுக்குக் காஸ் வாங்க வெயிலில் வரிசையில் நின்றோம். இரசாயனப் பொருள் ஒன்றும் வெளியிலிருந்து வரவில்லை. கடைசியில் நிறுவனத்தின் பணிப்பாளர் மகாதேவன் கொழும்பிலிருந்து வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே ஒரு கட்டிடக் கலைஞரையும், அளவு நாடாவையும் கொண்டுவந்திருந்தார். கடலைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் பெரிய அறையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, "இதில டைனிங் ஹோல் போட்டா வியூ நல்லா இருக்கும்" என்று அவரிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கூடத்தை மூடி, இடத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கிற யோசனை.

பெரிய அறையில் அப்போது ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. பணிப்பாளர் அதைக் காட்டி, "இருங்க டொக்டர், பேசுவோம்" என்றார்.

"நிக்கிறேன். சொல்லுங்க."

"சின்னக் குழாயில ஓடுறத வச்சு நான் கொம்பனிக்குப் பதில் சொல்ல ஏலாது. பெரிய உலைக்குக் காணக்கூடிய அளவு ஊக்கி செய்ங்க. ஒரு கிழமை, ஏழு நாளும் நிப்பாட்டாம ஓட்டிக் காட்டுங்க. ஓடினா இந்த இடம் உங்கட. இல்லாட்டி என்னைக் கோபிக்க வேணாம்."

"அது ஓடட்டும் சேர். பொறகு நான் இரிக்கிறேன்" என்றார் டொக்டர்.

அன்று மாலை பேருந்தில் போகும்போது ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. இந்த வேலையை விட்டால் வேறு யார் என்னை எடுக்கப்போகிறார்கள்? என் பகுதியில் புவனா என்று ஒருத்தி இருந்தாள். கழுவுகிற, வடிக்கிற வேலையில் கை தேர்ந்தவள். பிள்ளைகள் மூன்று பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். டொக்டரின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். விட்டுவிட்டு வந்த உத்தியோகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

பெரிய அளவு ஊக்கி செய்யத் தொடங்கினோம். முறை இதுதான். சிலிக்காவைத் தண்ணீரில் கலக்கி, மூக்கும் கண்ணும் ஒழுகுகிற அளவுக்கு அமோனியா சேர்க்கவேண்டும். அதற்குள் கோபால்ட் கரைசலை ஊற்றவேண்டும். அது தோடம்பழச் சாற்றின் செம்மஞ்சள் நிறம். கலக்கக் கலக்க, கோபால்ட் போய்ச் சிலிக்காவில் இடம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். இடம் கிடைக்காத கோபால்ட் தண்ணீரில் மிதந்தபடி நிற்கும். அதை வடித்துவிட்டு, அமோனியா கலந்த தண்ணீரால் திரும்பத் திரும்ப அலசி வெளியேற்றவேண்டும். அலசாமல் விட்டால், ஒட்டாத கோபால்ட் எல்லாம் உலையில் ஒன்றோடொன்று சேர்ந்து கறுத்துப்போகும். பிறகு காயவைத்து மெல்லிய சூட்டில் சுடவேண்டும். அவ்வளவு பெரிய பாத்திரம் எங்களிடம் இல்லாததால் பேசின் பேசினாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, எல்லாவற்றையும் கடைசியில் ஒன்றாகக் கலந்து சுடுகிற உலையில் வைத்தோம்.

உலையைத் திறந்தோம். கறுப்பு. அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுப்பு.

இரண்டாம் முறை இன்னும் கவனமாகச் செய்தோம். இன்னும் கறுப்பு.

கடற்காற்றில் உப்பு என்றார் ஒருவர். சிலிக்கா பழசு என்றார் இன்னொருவர். காவலாளி ஐயா கண்ணூறு என்று முடிவுகட்டி வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். நான் உலைதான் காரணம் என்று மின்சாரப் பகுதியோடு போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தேன். கையில் மிஞ்சியிருந்த கோபால்ட் உப்பு இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். புதிதாக வாங்க வழியில்லை. இந்த முறையும் கறுத்தால் ஜன்னலோரம் மேசை போட்டு ஆட்கள் இறால் தின்பார்கள்.

டொக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். "ஒத்தரும் காரணம் சொல்ல வேணாம். வெறுங்கையால செஞ்சு காட்டுங்க" என்றார்.

இது அவருடைய பழைய வழக்கம். நாங்கள் அதை 'வெறும் பூசை' என்று பகிடி பண்ணுவோம். மருந்தும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெறும் பாத்திரங்களை வைத்துக்கொண்டு, ஆளாளுக்குத் தாங்கள் செய்த வேலையை முதலிலிருந்து முடிவுவரை வாய் பேசாமல் நடித்துக் காட்டவேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கவேண்டும். வளர்ந்த ஆட்கள் வெறும் வாளியில் இல்லாத தண்ணீரைக் கலக்குவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அன்று யாருக்கும் வரவில்லை.

முதல் பேசின் சரியாகப் போயிற்று. புவனா வடித்தாள், அலசினாள், அலசினாள், அலசினாள். இரண்டாவது பேசினுக்கு வந்தாள். வடித்தாள். பிறகு, கைகள் பேசினில் இருக்க, வலது காலால் ஒரு செம்மஞ்சள் வாளியை மெல்லப் பக்கத்தில் இழுத்தாள்.

"நில்லும், நில்லும்" என்றேன். "அந்த வாளி எங்கயிருந்து வந்தது?"

புவனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எந்த வாளி மிஸ்?"

பொய் சொல்லவில்லை. வாளி காலடியில் நிற்கிறது, அவள் காலே அதை இழுத்திருக்கிறது, அப்படியும் அவளுக்கு அது தெரியவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, இதோ. இது முதல் பேசின்ர கடைசித் தண்ணி. தெளிஞ்ச தண்ணிதானே மிஸ், வெளிய ஊத்த மனம் வருமா? அடுத்ததுக்கு வச்சிருக்கிறது" என்றாள்.

நானும் வீட்டில் அதைத்தான் செய்கிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் ஒழுங்காக வராத நாட்களைக் கண்ட எங்கள் ஊரில், உடுப்பு அலசின கடைசித் தண்ணீரை வீணாக ஊற்றுகிற பெண் யார்? அடுத்த வாளி உடுப்பு அதில்தான் ஊறும். மிஞ்சினால் பயற்றங்கொடிக்குப் போகும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அமோனியாவும் தட்டுப்பாடாக இருந்ததால், அந்தத் தண்ணீரை வைத்திருப்பது எங்கள் எல்லோருக்கும் நியாயமாகவே பட்டிருக்கிறது. நாங்கள் ஒவ்வொருவரும் அந்த வாளியைத் தாண்டி நடந்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். முதல் பேசினின் கடைசித் தண்ணீரில் மிகக் கொஞ்சமாய்க் கோபால்ட் நின்றது. அதைக்கொண்டு இரண்டாவதை அலச, இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. அந்தத் தண்ணீர் மூன்றாவதற்குப் போயிற்று. போகப் போக, அலசுகிறோம் என்று நினைத்துக் கோபால்ட்டைத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீரின் நிறம் யாருக்கும் ஏன் தெரியவில்லை என்றால், தோடம்பழ நிறத் தண்ணீர் தோடம்பழ நிற வாளியில் நின்றது. சின்ன அளவில் செய்தபோது எப்போதும் நீலம் வந்ததற்கும் காரணம் புரிந்தது. அப்போது ஒரே பேசின். முந்தின தண்ணீர் என்று ஒன்று இருக்கவில்லை.

புவனாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நான்தானா டொக்டர் எல்லாத்தையும் பழுதாக்கினது?"

டொக்டர் அவளைப் பார்த்தார், பிறகு வாளியைப் பார்த்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "போன மாசம் இந்த வாளியக் கண்டுபோட்டு 'நல்ல வேல, வீணாக்காதீங்க' எண்டு ஒங்களுக்கிட்டச் சொன்ன ஆர் புள்ள? நான்தானே! என்ட உம்மா குடத்தில கடைசிச் சொட்டுக்கும் ஒரு வேல வச்சிரிப்பா."

கண்டது சரிதானா என்று பார்க்கவேண்டாமா? மிச்சமிருந்த உப்பில் ஒரு சிட்டிகையை எடுத்து, குசினியிலிருந்து வெள்ளைக் கோப்பைகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தோம். பேசினில் செய்த அதே வேலையைக் கோப்பையில் செய்தோம், ஒன்றின் கடைசித் தண்ணீரால் அடுத்ததை அலசி. வெள்ளைக் கோப்பையில் தண்ணீரின் நிறம் ஏறுவது பளிச்சென்று தெரிந்தது. தூள்களைத் தனித்தனியாகச் சுட்டு எடுத்தோம். முதலாவது நீலம். அடுத்தது மழைமுகில் நிறம். கடைசி காகம். எனக்கு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும் போலிருந்தது. பெற்ற பிள்ளைகளின் பரீட்சை முடிவுகளைக்கூட நான் அவ்வளவு ஆசையாகப் பார்க்கவில்லை.

இனி ஒரே தடை அமோனியா. ஒவ்வொரு பேசினையும் புதுத் தண்ணீரால் அலசுவதென்றால் எங்களிடம் இருந்தது காணாது.

"கிண்ணியாவில மீனுக்கு ஐஸ் அடிக்கிற ஃபக்டரியில அமோனியா நிக்கும்" என்றேன். ஐஸ் தொழிற்சாலைகளில் குளிரூட்டுவது அதைக்கொண்டுதான்.

"அது என்ட மச்சான்ட ஃபக்டரி" என்றார் டொக்டர். "கேட்டா நாலு பேச்சுப் பேசுவான். பேசட்டும்."

மச்சான் நாலு பேச்சும் பேசினார், அமோனியாவும் தந்தார். எண்ணெய் வாடை போகச் சுத்தப்படுத்தித் தண்ணீரில் கரைத்து எடுத்தோம். எங்கள் தலைமயிரிலெல்லாம் அமோனியா நாற்றம். என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் பாயை விறாந்தைக்குக் கொண்டுபோய்விட்டார்.

கடைசி உப்பு முழுவதையும் கரைத்தோம். ஒவ்வொரு பேசினையும் அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சத்தை வெள்ளைக் கோப்பையில் விட்டு, புவனா பார்த்து, நான் பார்த்து, இருவரும் வெள்ளை என்று சொன்ன பிறகுதான் அடுத்ததுக்குப் போனோம். அந்தப் பார்வையைத்தான் பிறகு செய்முறையில் எழுதிவைத்தேன். தண்ணீரைப் பாதுகாப்பாகக் கொட்டும்போதெல்லாம் புவனா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது உண்மையாகவே வலித்தது.

உலைக்கதவைத் திறக்கிற காலையில் டொக்டர் என்னைத்தான் திறக்கச் சொன்னார். கையுறையைப் போட்டேன். தட்டை இழுத்தேன்.

நீலம். வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலத்தைக் குவித்து வைத்த மாதிரி, தட்டு முழுவதும், ஓரம் வரைக்கும், ஒரு கறுப்புப் பொட்டுக்கூட இல்லாமல் நீலம். நான் வாய்விட்டு அழுதேன். புவனா என்ன செய்தாள் தெரியுமா? கலியாண வீட்டில் விடுவதுபோல நாக்கைச் சுழற்றி ஒரு குரவை விட்டாள். கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் அதிர்ந்தன. காவலாளி ஐயா தீ விபத்து என்று நினைத்து ஓடிவந்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்தேன். "இனி இருங்கோ டொக்டர்."

"இண்டைக்குக் கலியாணம்தான் முடிஞ்சிரிக்கி. குடும்பம் நடத்திறது இனித்தான்" என்றார். உட்காரவில்லை.

ஊக்கியைப் பெரிய உலையில் நிரப்பி, சூடேற்றி, புரொப்பேனைத் திறந்துவிட்டோம். வெளியே வருகிற வாயுவில் என்ன என்ன இருக்கிறது என்பதைக் கணினித்திரை கோடு கோடாகக் காட்டும். புரொப்பீனுக்கு ஒரு கோபுரம் எழும்பும். ஊக்கி கெடத் தொடங்கினால் கோபுரம் நாளுக்கு நாள் தேயும். முதல் நாள் கோபுரம் நெடுநெடுவென்று நின்றது. மூன்றாம் நாளும் நின்றது. நடுவில் ஒரு தடவை மின்சாரம் போய், மாற்று இயந்திரம் தொடங்கும்வரை நாங்கள் உலையைச் சுற்றி நின்றோம். திரை திரும்ப வந்தபோது கோபுரம் அசையவில்லை. போகப் போக எனக்குப் பயம் விட்டு ஒருவிதத் திமிர் வந்துவிட்டது. திரையைப் பார்த்து, "நில்லடி ராசாத்தி" என்று செல்லம் கொஞ்சினேன்.

கிழமை முடிகிற அன்று பணிப்பாளர் வந்தார். கட்டிடக் கலைஞரும் கூடவே வந்தார், நாடா அவர் கையிலேயே இருந்தது. பணிப்பாளர் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இது முதல் நாள் எடுத்ததா?"

"இல்லை சேர். இது இப்ப எடுத்தது" என்றேன். முதல் நாள் படத்தை எடுத்து அதன்மேல் வைத்தேன். ஒரு கோபுரத்துக்குப் பின்னால் மற்றது மறைந்துபோயிற்று. எது எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பணிப்பாளர் குனிந்து திரையோடு முகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு கட்டிடக் கலைஞரிடம் திரும்பி, "நாடாவ வச்சிட்டு வாங்க. இங்க அளக்க ஒண்டும் இல்ல" என்றார்.

யாரும் கை தட்டவில்லை. நாங்கள் எல்லோரும் டொக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"புவனா," என்றார், "ஒரு கதிர தாங்க."

அறையில் இருந்தது ஒரே கதிரை. அதில் பணிப்பாளர் இருந்தார். புவனா அவரைப் பார்த்தாள். அவர் சட்டென்று எழுந்து, கதிரையைத் தன் கையாலேயே டொக்டருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

"இருங்க டொக்டர்."

"அப்ப நீங்க?"

"நான் நிக்கிறேன்."

"யோசிக்காம இருங்கோ டொக்டர்," என்றாள் புவனா. "அதுகும் புரொப்பீன்ல செய்ததுதான்."

டொக்டர் ரஹீம் மெல்ல உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். நீண்ட கால்களை நீட்டினார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நாங்கள் கண்டது அதுதான் முதல் தடவை. புவனா திரும்பவும் ஒரு குரவை விட்டாள். இந்தத் தடவை நானும் சேர்ந்து விட்டேன், துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.